வயரை வெட்டினால் வாரண்டி போச்சு

கூலரில் (குளிர்பெட்டியில்) வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் வயரை வெட்டி வாரண்டியை இழந்த கதை, இந்தக் கத்திரி வெயிலில் இது நான்காவது. முதல் மூன்றுக்கும் பேசாமல் இருந்துவிட்டேன், இனி முடியாது.

வில்லிவாக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா, காலை ஆறு மணிக்கு போன் செய்தார். "தம்பி, மாவெல்லாம் கல்லாப் போச்சு. ஆனா மீட்டர்ல பத்து டிகிரின்னுதான் காட்டுது." போய்ப் பார்த்தேன். ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தால் செங்கல்லை வைத்த மாதிரி சத்தம். என் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். மைனஸ் ஐந்து. சென்சாரைப் பார்த்து கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலரில் வைத்திருந்ததோ நான்கு. அது பத்து என்று நம்பிக்கொண்டு, நான்குக்குக் கொண்டுவர ராத்திரி முழுக்க கம்ப்ரஸரை ஓட்டியிருக்கிறது.

கன்ட்ரோலர் வாங்கி எட்டு மாதம்தான். ஒரு வருட வாரண்டி. இரண்டு நாள் முன்னால் திரையில் எண் குதித்திருக்கிறது: 4, உடனே 31, மறுபடி 4. சென்சார் போகும்போது இப்படித்தான் ஆடும். பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அக்கா தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் சென்சார் வயரைப் பாதியில் வெட்டி, ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய வேறொன்றை முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போய்விட்டார். வெட்டிய பழைய சென்சார் குப்பையில். அப்புறம் கம்பெனிக்கு போன் செய்தால் என்ன சொல்வார்கள்? "வயர் வெட்டியிருக்கு, வாரண்டி கிடையாது." கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"சென்சார்தானே, ரெண்டு வயர்தானே, எதைப் போட்டா என்ன?" இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சென்சார் எண் சொல்லாது, மின்தடையைத்தான் காட்டும். அதைப் பார்த்து எண்ணாக மாற்றுவது கன்ட்ரோலர். கூலர்களில் அதிகம் வருவது 10கே வகை: 25 டிகிரியில் 10,000 ஓம், குளிர்ந்தால் ஏறும். அதே கறுப்பு மூடியோடு, அதே தடிமனில் 5கே வகையும் இருக்கிறது. 25 டிகிரியில் 5,000 ஓம். கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. 10கே-க்குப் பழகிய கன்ட்ரோலரில் இதை மாட்டினால், தடை பாதிதானே இருக்கிறது என்று அது உள்ளே சூடு என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே 4 என்றால் திரையில் 20 பக்கம் காட்டும். உள்ளே மைனஸ் 5 ஆனாலும் 10. அக்காவின் மாவு கல்லான கணக்கு இதுதான். பிடி100 என்ற வேறு வகை சென்சாரைக் கேட்கும் கன்ட்ரோலரில் இதில் எதை மாட்டினாலும் வேலைக்கே ஆகாது. அதற்கு பூஜ்யம் டிகிரியில் வெறும் 100 ஓம். 10கே என்று பார்த்து வாங்கினாலும்கூட, எல்லா 10கே-யும் ஒரே கணக்கில் ஏறி இறங்காது.

சரி, சரியான சென்சாரையே போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முறுக்கும் டேப்பும் கூலருக்குள் இருக்கிறது. சென்னைக் காற்றில் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் உள்ளே போய் அங்கே தண்ணீராகப் படியும். மூட்டில் நீர் கசிந்தால் மின்தடை குறையும், திரை சூடு என்று சொல்லும். மறுபடி கல் மாவு.

வாரண்டிக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டம்ளர் நிறைய உடைத்த ஐஸைப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். சென்சாரை நடுவில் செருகி, அப்பப்போ கிளறி, பத்து நிமிடம் விடுங்கள். திரை பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சென்சார் நன்றாக இருக்கிறது. ஒரு டிகிரி முன்பின் இருந்தால் விடுங்கள். டம்ளர் தண்ணீரில் இரண்டு ஐஸ் துண்டு மிதப்பதெல்லாம் சோதனை இல்லை. தயவுசெய்து உப்புப் போடாதீர்கள், அது பூஜ்யத்துக்கு வெகு கீழே போய்விடும். (அண்ணாநகரில் ஒருவர் போட்டார். நல்ல சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.) மல்டிமீட்டர் இருந்தால், கன்ட்ரோலரிலிருந்து கழற்றிய 10கே சென்சார் ஐஸில் 27 முதல் 33 ஆயிரம் ஓம் வரை காட்ட வேண்டும். கழற்றுவது ஸ்க்ரூவில், மெயினை அணைத்துவிட்டு. கட்டரில் இல்லை!

செட்டிங்கில் ஆஃப்செட்டை (திரையில் காட்டும் எண்ணோடு கூட்டிக் கழிக்கும் திருத்தத்தை) யாராவது மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாதி "சென்சார் ஃபால்ட்" அங்கேதான் கிடக்கிறது.

சோதனையை வீடியோ எடுங்கள். பில், சீரியல் நம்பர், திரை எல்லாம் ஒரே காட்சியில் தெரியட்டும். பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்புத் தாள் நம் ஊர் வெயிலில் ஒரே கோடையில் வெளுத்துவிடும். புகாரை போனில் மட்டும் சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். வாரண்டி கார்டில் சென்சாருக்குத் தனி வரி இருக்கிறதா, அதையும் படியுங்கள். கெட்டுப்போன மாவுக்கு அநேகமாக எந்தக் கார்டிலும் காசு இல்லை. அதனால் பொருளை முதலில் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். மருந்துக்கடைக்காரர்கள் இதில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் மறுபடி உருகினாலும் பயனில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தடித்தால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். "நான் கடைக்காரன், நுகர்வோர் இல்லையே" என்று பின்வாங்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் கடைக்கு வாங்கியது என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கேயும் முதல் கேள்வி, கழற்றிய பழைய சென்சார் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

அக்கா அதைத் தேடிக் குப்பைத் தொட்டிக்குப் போனார். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.