போட்டிக்கு நான்கு நாள் முன்பு தன்னம்பிக்கை கேட்டு வராதீர்கள்

சென்ற திங்கட்கிழமை பத்தொன்பது வயது டென்னிஸ் வீரர் ஒருவரை அவருடைய தந்தை, உளவியல் ஆலோசகரான என்னிடம் அழைத்து வந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். தொழில்முறை ஆட்டத்தின் முதற்படியான சிறிய பன்னாட்டுத் தொடர்களில் அவர் ஆடத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. கடைசி ஐந்து தொடர்களிலும் முதல் சுற்றோடு வெளியேறியிருக்கிறார். அவற்றுள் மூன்றில், இன்னும் ஒரு கேம் எடுத்தால் வெற்றி என்ற நிலையிலிருந்து தோற்றிருக்கிறார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தந்தை சொன்னார்: "மேடம், பையனுக்கு ஷாட் எல்லாம் இருக்கு. கான்ஃபிடன்ஸ்தான் சுத்தமா இல்ல. வெள்ளிக்கிழமை மேட்ச். அதுக்குள்ள கொஞ்சம் ஏத்தி விடுங்க." மகன் உள்ளங்கையில் காய்த்திருந்த தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த ஆண்டில் இதே வேண்டுகோளோடு வந்த ஏழாவது குடும்பம் இது என்பதால், தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒருமுறை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

தன்னம்பிக்கை என்பது வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோல் புறப்படும் முன்பு நிரப்பி அனுப்பக்கூடிய பொருள் அன்று. முதலில் நம்பிக்கை வர வேண்டும், அது வந்துவிட்டால் ஆட்டம் தானாக வரும் என்று பெற்றோரும், வருத்தத்தோடு சொல்கிறேன், பல பயிற்சியாளர்களும் நினைக்கிறார்கள். இந்த வரிசையே தலைகீழானது. ஒருவருக்குத் தன் திறன்மீது நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்காகப் பிரித்துக் காட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கச்சொற்கள், தன் உடலில் எழும் படபடப்பைத் தான் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. வெறும் சொல்லால் ஏற்றப்பட்ட நம்பிக்கை, அதற்கு எதிரான ஓர் அனுபவம் நேர்ந்ததும் இறங்கிவிடும். ஆனால் நம் வீடுகளில் முழு எடையையும் அந்த மூன்றாவதன்மீதுதான் ஏற்றுகிறோம். வண்டியில் போகும்போது "உன்னால முடியும்", மைதான வாசலில் "உன்னால முடியும்", 5-4 என்று சர்வ் செய்யப் போகும்போது வேலிக்கு அப்பாலிருந்தும் அதே.

இதனால் பயனில்லை என்பதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். இது கேடு செய்கிறது. ஆட்டத்தை முடிக்க வேண்டிய கேமில் எந்த வீரருக்கும் கை இறுகும், வாய் உலரும். நம்பிக்கையுள்ளவனுக்கு இப்படி ஆகாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் கை இறுகியதை உணர்ந்த அந்த நொடியில், "அப்படியானால் எனக்கு நம்பிக்கை இல்லை, அப்பா சொன்னது சரிதான்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. எதிராளியோடு ஆட வேண்டியவர், தன் நடுக்கத்தோடும் அந்த நடுக்கத்தைப் பற்றிய அச்சத்தோடும் சேர்த்து ஆடுகிறார். என் அறைக்கு வரும் இளம் வீரர்களில் பெரும்பாலோரிடம் நான் காண்பது இந்த இரண்டாவது அச்சத்தைத்தான்.

பெரிய வீரர்களுக்கு நடுக்கமே இல்லை என்று எண்ணுபவர்கள் 2013 விம்பிள்டன் இறுதிப் போட்டியின் கடைசி கேமை மீண்டும் பார்க்க வேண்டும். ஆண்டி மரே 40-0 என்று முன்னிலை பெற்று, கையில் மூன்று மேட்ச் பாயிண்ட்கள் (ஒன்றை எடுத்தாலே ஆட்டம் வெற்றியில் முடியும்) இருக்க, மூன்றையும் ஜோகோவிச்சிடம் இழந்தார். பிறகு மூன்று பிரேக் பாயிண்ட்களை (எதிராளி எடுத்தால் அந்த கேமே அவருக்குப் போய்விடும்) சமாளித்து, நான்காவது மேட்ச் பாயிண்ட்டில்தான் வென்றார். 77 ஆண்டுகளாகப் பிரிட்டன் ஆடவர் எவரும் வெல்லாத ஒற்றையர் பட்டம் அது. மரே தமது முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் தோற்றவர். அப்போது அவருக்குப் பயிற்சியாளராக இருந்த இவான் லெண்டிலும் தமது முதல் நான்கு இறுதிப் போட்டிகளில் தோற்றவரே. அந்த நான்காவது தோல்வியோடு இருவரையும் "மனத் திடம் இல்லாதவர்" என்று முத்திரை குத்தி நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

1993 விம்பிள்டனில் யானா நோவோட்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என முன்னிலையில் இருந்தார். அடுத்த கேமில் 40-30 என்றிருக்க, 5-1 ஆக ஒரே ஒரு பாயிண்ட் தேவைப்பட்டபோது டபுள் ஃபால்ட் செய்தார், அதாவது இரண்டு சர்வ் வாய்ப்புகளையும் தவறவிட்டு அந்த பாயிண்ட்டை இழந்தார். அதன்பின் ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பரிசளிப்பின்போது கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அவர் அழுத படத்தைப் பார்க்காத டென்னிஸ் ரசிகர் இருக்க முடியாது. நம்பிக்கையில்லாத ஒருவர் அதே போட்டியின் இரண்டாவது செட்டை கிராஃபிடமிருந்து 6-1 என்று எடுத்திருக்க முடியாது என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அன்று அவருக்குப் போனது நம்பிக்கையன்று, கவனம். ஆயிரக்கணக்கான முறை அடித்துப் பழகிய சர்வை உடல் தானாகச் செய்யும்; அழுத்தம் கூடும்போது மனம் இடையில் புகுந்து, பந்தை எவ்வளவு உயரம் தூக்குகிறேன், முழங்கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிடுகிறது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுமாறுவீர்கள். இந்த நிலையில் உள்ளவரிடம் "கவனமா சர்வ் பண்ணு" என்று கத்துவது அந்த மேற்பார்வையை இன்னும் கூட்டும். நோவோட்னா 1997 இறுதியிலும் தோற்று, 1998இல், 29ஆம் வயதில், அதே மைதானத்தில் பட்டம் வென்றார்.

ஒரு தோல்வியோடு நம்பிக்கை அழிந்துவிடும் என்பதற்கும் சான்று இல்லை. 2025 பிரெஞ்ச் ஓப்பன் இறுதியில் யானிக் சின்னர் நான்காவது செட்டில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்களைக் கையில் வைத்திருந்து, 5 மணி 29 நிமிட ஆட்டத்தில் அல்கராஸிடம் தோற்றார். ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை வென்றார். அதே விம்பிள்டனின் மகளிர் இறுதியில் இகா ஸ்வியாடெக்கிடம் 0-6, 0-6 என்று 57 நிமிடங்களில் தோற்ற அமாண்டா அனிசிமோவா, இரண்டு மாதத்துக்குள் யு.எஸ். ஓப்பன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை நேர் செட்களில் வென்று, இறுதிவரை சென்றார்.

எண்களில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒன்று. 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட சுமார் 90,000 பாயிண்ட்களைக் கிளாசன், மேக்னஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். முந்தைய பாயிண்ட்டை வென்றவர் அடுத்ததையும் வெல்லும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, முக்கியமான பாயிண்ட்களில் சர்வ் செய்பவரின் வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்று கண்டார்கள். ஆகவே நம்பிக்கையும் அழுத்தமும் வெறும் கற்பனை அல்ல. ஆனால் அந்த விளைவுகள் சிறியவை, தரவரிசையில் மேலே உள்ளவர்களிடம் இன்னும் சிறியவை. ஃபெடரர் தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்றும், பாயிண்ட்களில் 54 விழுக்காட்டை மட்டுமே வென்றதாக 2024இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னார். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றை இழப்பதுதான் இந்த ஆட்டத்தின் இயல்பு. இழந்த ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் வெளியிலிருந்து தலையில் அடித்துக்கொள்ளும் தந்தை இதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உளவியல் ஆலோசகரான நானே சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது: எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டாதீர்கள். அரினா சபலென்கா 2022இல் நானூறுக்கும் மேற்பட்ட டபுள் ஃபால்ட்கள் செய்தார். அடிலெய்டில் ஒரே ஆட்டத்தில் 21. அழுத்தம் தாங்கவில்லை என்றுதான் பலரும் சொன்னார்கள். உடல் அசைவியல் நிபுணர் ஒருவரோடு சேர்ந்து சர்வின் இயக்கத்தையே அவர் பிரித்துச் சீரமைத்தார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். அந்த இறுதியிலும் முதல் மேட்ச் பாயிண்ட்டில் டபுள் ஃபால்ட் வந்தது. சரிசெய்யப்பட்ட ஓர் இயக்கம் கையில் இருந்ததால் அதைத் தாண்டி நான்காவது மேட்ச் பாயிண்ட்டில் முடித்தார். இதற்கு எதிர்த்திசையில், 2004 பிரெஞ்ச் ஓப்பன் இறுதியில் இரண்டு மேட்ச் பாயிண்ட்களை இழந்து தோற்ற கில்லெர்மோ கோரியா, அதே ஆண்டில் தோள்பட்டை அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். அதன்பின் அவருடைய சர்வ் சிதைந்து, 27 வயதில் ஓய்வு பெற்றார். அதில் தோளின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. ஆதலால் என்னிடம் வருபவரை முதலில் தோளையும் முதுகையும் பரிசோதித்துவிட்டு வரச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அழுத்தம் மைதானத்துக்கு உள்ளே மட்டும் பிறப்பதில்லை. தரவரிசைப் புள்ளிகள் 52 வாரங்களில் காலாவதியாகின்றன. சென்ற ஆண்டு வென்றதை இந்த ஆண்டும் வெல்லாவிட்டால் சரிவு. 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து 2021 யு.எஸ். ஓப்பனை ஒரு செட்கூட இழக்காமல் வென்ற எம்மா ராடுகானு, மறு ஆண்டு முதல் சுற்றில் தோற்றதும் 11ஆம் இடத்திலிருந்து 83க்குப் போனார். கீழ்மட்டத்திலோ, மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலராக உள்ள தொடரில் முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது விடுதி வாடகைக்கும் போதாது. வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைக்கு நினைவூட்ட வேண்டிய தேவையே இல்லை. அது அதற்கு எப்போதும் நினைவிருக்கிறது. போதாக்குறைக்கு, தோற்ற இரவில் பந்தயம் கட்டிப் பணம் இழந்தவர்களின் வசைகள் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. ஆட்ட நாளில் அந்தக் கைப்பேசியை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

பயிற்சியாளர்களுக்கு: வெளியிலிருந்து வீரருக்கு ஆலோசனை சொல்ல இப்போது விதி இடம் தருகிறது. அதை "தைரியமா ஆடு" என்று சொல்லி வீணாக்காதீர்கள். "அவர் பேக்ஹேண்டுக்குப் போடு" என்பதுபோல் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லுங்கள். பயிற்சியில் கூடை கூடையாக சர்வ் அடிக்க விடுவதோடு நிறுத்தாமல், 30-40 என்று ஸ்கோர் வைத்து, இரண்டாவது சர்வ் மட்டுமே உண்டு என்று சொல்லி, பிறர் பார்க்க ஆட விடுங்கள். இரண்டு பாயிண்ட்களுக்கு நடுவே உள்ள 25 நொடிகளுக்கு ஒரு மாறாத வழக்கத்தைப் பழக்குங்கள்: முதுகைத் திருப்பு, மூச்சை நீளமாக வெளியே விடு, எங்கே அடிப்பது என்று முடிவு செய், எண்ணிக்கை மாறாமல் பந்தைத் தட்டு, அடி. வென்றாலும் தோற்றாலும் அதுவே. நம்பிக்கை இப்படித்தான், செய்து செய்து, மெல்ல வரும்.

பெற்றோரே, தயவு செய்து, ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, ஆட்டம் இல்லாத நாளிலும் நெஞ்சு படபடத்தாலோ, ராக்கெட்டைத் தொடவே பிடிக்காமல் போனாலோ, அது ஃபார்ம் பற்றிய சிக்கல் அன்று. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உலகின் முதல் பத்து வீரர்களுள் ஒருவராக இருந்த மார்டி ஃபிஷ், 2012 யு.எஸ். ஓப்பனில் ஃபெடரரோடு ஆட வேண்டிய ஆட்டத்திலிருந்து பதற்றக் கோளாறால் விலகி, சிகிச்சை பெற்றார். அதை வெளியே சொல்லவும் செய்தார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மற்றபடி என்னிடம் வருவதென்றால், போட்டிகள் இல்லாமல் ஆறு வாரமாவது கையில் உள்ளபோது வாருங்கள்.

அந்த இளைஞர் வெள்ளிக்கிழமை ஆடினார். மூன்று செட்களில் தோற்றார். நான் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. அன்றிரவு அவரிடமிருந்து வந்த செய்தியில், கடைசி செட்டில் அடித்த பதினேழு இரண்டாவது சர்வ்களில் பதினான்குக்கு முன்பு அந்த வழக்கத்தை முழுமையாகச் செய்ததாகவும், விட்டுப்போன மூன்றும் எந்தெந்த ஸ்கோரில் என்றும் எழுதியிருந்தார். நாளை தோள்பட்டையைக் காட்ட பிசியோதெரபிஸ்ட்டிடம் போகிறார். தந்தை உடன் போகிறார்.