இரண்டு கிழமை காணவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வேலை செய்கிறேன். கடன், குடி, போதை, எழும்பவே மனமில்லாத சோர்வு என்று வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களிடம் "இது வேறு யாருக்காவது தெரிந்திருந்ததா?" என்று கேட்டால், பெரும்பாலும் சபையில் ஒருவர் முதலே கவனித்திருப்பார். அந்த மனிதர் கடைசி வாங்கில் போய் இருக்கத் தொடங்கியதை, நற்கருணைக்கு முன்னுக்கு வராமல் விட்டதை, ஆராதனை முடியமுதலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதைக் கண்டிருப்பார். ஆனால் கேட்கவில்லை. "அது அவையின்ர வீட்டு விஷயம், நாங்கள் ஏன் தலையிடுவான்?"

எனக்கு இந்த மரியாதை விளங்கவில்லை. ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்லுகிற எபிரெயர் 10ஆம் அதிகாரம், அதே மூச்சில்தான் கூடிவருவதை விடவேண்டாம் என்றும் சொல்லுகிறது. 3ஆம் அதிகாரமோ நாள்தோறும் புத்தி சொல்லச் சொல்லுகிறது. நாங்கள் ஞாயிறு மட்டும் கூடுகிறோம், கைகொடுத்துச் சிரிக்கிறோம், சரி, போய்விடுகிறோம்.

நுண்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும்போது ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள்மேல் பாரம் விழுகிறது, அந்த மற்றவர்களில் சிலர் அதே கோயிலில் அடுத்த வாங்கில் இருப்பவர்கள், ஆகவே அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் முதலில் விடுவது ஆராதனையைத்தான். அவள் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள் என்று நாங்கள் முடிவுகட்டுகிறோம். அவளுக்கோ வெட்கம், அப்புறம் பயம். வீட்டுக்குப் போய், "அக்கா, ரெண்டு கிழமையாக் காணேல்லை, என்ன பாடு?" என்று கேட்டுவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருக்க ஒருத்தி வேண்டும். வசனத்தைப் பிறகு சொல்லலாம்.

போரால் வந்த 1995 இடப்பெயர்வும் அதன்பின் வந்த அலைச்சல்களும் ஊர்களைக் கலைத்துப் போட்டன. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கிற அம்மா நீரிழிவுக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா என்று பார்க்க இப்போது சபைதான் உண்டு.

கவனிப்பது என்றால் வேவு பார்ப்பது அல்ல. தவறு செய்த சகோதரனோடு பேச மத்தேயு 18இல் இயேசு ஒரு ஒழுங்கு வைத்தார்: முதலில் அவனும் நீயும் தனியே, கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, சபை கடைசியில். எங்கள் பல ஜெபக் கூட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. "இன்னார் வீட்டுக்காக ஜெபியுங்கோ, மனுசன் திரும்பக் குடிக்கத் தொடங்கிட்டாராம்." அதைச் சொன்னவர் அந்த மனிதரோடு ஒரு சொல் கதைத்திருக்கமாட்டார். அப்படி ஒருதடவை வெளியில் வந்த குடும்பம் அடுத்தமுறை வாயே திறக்காது, என்னிடம் வரும்போதும் முதல் கேள்வி "இது கோயிலுக்குத் தெரியவருமோ?" என்பதுதான். விழுந்தவனைச் சாந்தத்தோடு தூக்கச் சொல்லுகிற கலாத்தியர் 6, தூக்குகிறவன் தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உங்களிடம் அப்படித் தட்டிக் கேட்கிற ஒருவர் இருக்கிறாரா? போதகர்மாருக்கும் பாதர்மாருக்கும் இந்தக் கேள்வி இன்னும் அவசியம். எல்லோருடைய பாரத்தையும் கேட்கிற அவர்களிடம் "நீங்கள் எப்படி?" என்று கேட்கிறவர்கள் குறைவு.

"இனி இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறதா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அநேகருக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் குளிசைகளையும் எட்டாமல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. வைத்தியர் தந்த குளிசையை "ஜெபித்தாயிற்று, இனி நிற்பாட்டு" என்று தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதீர்கள். ஜெபியுங்கள், மருந்தும் தொடரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மத்தேயு 18ஐக் காரணம் காட்டி உள்ளுக்குள் பேசித் தீர்க்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால், செய்தவர் ஊழியக்காரராக இருந்தாலும், சபையின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும், அன்றைக்கே சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.