பனி முதலில் உருகும் சரிவு

பரோலோ ஒயினை முதன்முதலாகக் கோப்பையில் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். இத்தாலியின் பேர்பெற்ற சிவப்பு ஒயின் என்கிறார்கள், நிறமோ வெளிறிக் கிடக்கும். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்தால் ஓரத்தில் செங்கல் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா, அதற்குப் பின்னாலேயே தார். ஆமாம், ரோடு போடுகிற அதே தார் வாசனைதான்.

ஒரு வாய் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். நாவல் பழம் தின்றவர்களுக்குத் தெரிந்த துவர்ப்பு. அதை அறுசுவையில் ஒன்றாக எண்ணுகிறோம். ஆனால் அதில் பெரும்பங்கு தொடு உணர்ச்சி. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்கள் எச்சிலின் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரள்கின்றன. வழுவழுப்பு போய்விடுவதால் வாய் உலர்ந்த மாதிரி ஆகிறது.

பரோலோ செய்யும் நெபியோலோ என்ற திராட்சையில் நிறமி குறைவு, டானின் ஏராளம். அதனால்தான் 38 மாதமாவது வைத்திருந்து, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் ஊறவிட்டுத்தான் விற்கலாம் என்பது சட்டம்.

சரி, தலைப்பில் வந்த மலைச்சரிவுக்கு இதில் என்ன வேலை? நெபியோலோ சீக்கிரம் துளிர்த்து, தாமதமாகப் பழுக்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில். வட இத்தாலியின் பியட்மான்டில் அப்போது வெயில் சாய்ந்துவிடும். தெற்கு பார்த்த சரிவில்தான் அது ஓரளவு நேராக விழும். பனி எங்கே முதலில் உருகுகிறது என்று பார்த்தே அந்த ஊர்க்காரர்கள் நல்ல இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை அவர்கள் வட்டார வழக்கில் ‘சோரீ’ என்பார்கள். பள்ளத்தில் இரவுக் குளிர் தேங்குவதால் அங்கே நெபியோலோ சரிப்படாது. வடக்குச் சரிவுகளில் ஹேசல்நட் மரங்கள்; ஹேசல்நட் போட்டுச் செய்யும் நுடெல்லா பிறந்த ஆல்பா நகரம் பக்கத்தில்தான் இருக்கிறது!

மண்ணின் கதை இன்னும் சுவாரசியம். கல்லின் ருசியை வேர் உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்புவதில்லை. எவ்வளவு தண்ணீரை எப்போது தருகிறது என்பதில்தான் மண் தன் வேலையைக் காட்டுகிறது. லா மோரா ஊர்ப் பக்கம் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த, ஈரம் காக்கும் மண். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள செர்ராலுங்காவில் அதைவிடப் பழைய, மணற்கல் கலந்த அடுக்குகள். அங்கே தண்ணீர் தட்டுப்பாடானால் பழம் சிறுக்கும். சாற்றோடு ஒப்பிட்டால் தோல் கூடும். தோலோடு டானினும் கூடும்.

ஒரே வருடத்து லா மோரா பாட்டிலும் செர்ராலுங்கா பாட்டிலும் கிடைத்தால் அருகருகே ஊற்றிப் பாருங்கள். முன்னது பெரும்பாலும் வாசனையோடு இணக்கமாக வரும். பின்னது ஈறைப் பிடித்து உலுக்கும். அதைப் பத்து வருடம் கழித்துத் திறந்திருக்கலாமே என்று தோன்றும்.