உப்பு சரியா இருந்துச்சா?

போன பொங்கலுக்கு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு சமையல் போட்டி நடந்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதும் கடன் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பதும்தான் என் தொழில். என் நாக்கை நம்பி யாரும் கூப்பிடவில்லை. மார்க்கைத் தப்பில்லாமல் கூட்டுவான் என்றுதான் உட்கார வைத்தார்கள்.

அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் டவுனுக்கு வந்து சேர்ந்தவர். குழம்பு தட்டில் நிற்காமல் ஓடியது. 'தண்ணியாக இருக்கிறது' என்று எழுதி, சுவைக்கான 50 மார்க்கில் 8ஐக் குறைத்தேன்.

முடிவு சொன்னபின் நேரே என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"தம்பி, தோட்டத்துல விடியறதுக்கு முன்ன பெரட்டு, ஆள் கணக்கெடுக்க போயி நிக்கணும். வீட்டுல எட்டுப் பேரு, கருவாடு நாலு துண்டு. கெட்டியா வெச்சா யாருக்குக் காணும்? இது சோத்துல ஓடவிட்டுப் பிசையிற குழம்பு." மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அது கெடக்கட்டும். உப்பு சரியா இருந்துச்சா? அதச் சொல்லு."

கொஞ்சம் தூக்கல் என்றேன். சட்டியின் அடியில் கிடந்ததைக் கரண்டியால் வழித்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "ஆமா. கருவாட்ட இன்னொரு தண்ணி அலசியிருக்கணும்."

குழம்பின் பதம் அவருடையது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. உப்பு அன்றைக்கு நேர்ந்த தப்பு, அதற்கு வாதாடவில்லை. என்னிடம் வரும் கடைக்காரர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எவரோ சொன்னார் என்று அம்மாவின் கைப்பக்குவத்தையே மாற்றிவிடுவார்கள். உப்பு அதிகம் என்று சொன்னால் மட்டும் முகம் சிவக்கும்.

பணிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்களுக்கு ரெண்டாங் என்ற மலாய்க் கறியின் கதையைச் சொல்வேன். 2018இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் டிவி சமையல் போட்டியில் மலேசியாவில் பிறந்த ஸலேஹா காதிர் ஓல்பின், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் வைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார். ஸலேஹாவும் போட்டியை விட்டு வெளியேறினார். தேங்காய்ப்பாலிலேயே கிடந்து வேகும் கோழிக்கு மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்? இங்கே நாடே கொதித்தது. அந்த வருஷம் மே மாதம் பொதுத்தேர்தல். அன்றைய பிரதமர் நஜிப்பும் எதிரணித் தலைவர் மகாதீரும் எல்லாவற்றிலும் எதிரெதிரே நின்றிருந்த நேரம். ரெண்டாங்கில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. அன்றைக்கு அந்த நடுவரைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். கருவாட்டுக் குழம்புக்கு அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. நடுவர் தப்பாகவாவது முகத்துக்கு நேரே சொல்கிறார். ஒட்டுக்கடையில், அதாவது தெருவோரச் சாப்பாட்டுக் கடையில், யார் சொல்கிறார்கள்? "எப்படிண்ணே இருந்துச்சு?" என்றால் "ஓக்கே" என்பார், காசைக் கொடுப்பார், அடுத்த வாரம் எதிர்க்கடையில் பசியாறுவார். மார்க் போடாமலே வெளியேற்றிவிடும் நடுவர் அவர்.

இதைத் தாமதமாகத்தான் நானும் புரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தம்பி சமையல் போட்டியில் ஜெயித்த கோப்பையோடு வந்தார். கடை போடக் கடன் வேண்டும். நானே பாரம் நிரப்பினேன். கோப்பையைப் பார்த்த மயக்கத்தில் மாத விற்பனைக் கணக்கைத் தாராளமாகப் போட்டேன். அது என் தப்பு. கோப்பை கொடுத்தவர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருவரும் இந்த ஊரில் தினம் சோறு வாங்கப் போவதில்லை.

கடை முகப்பில் 'சாம்பியன்' என்று பெரிய பேனர். நாலாவது மாதம் கணக்கைப் பார்த்தால் கோழி வாங்குவது குறையவில்லை, விற்பனை இறங்குகிறது. "இந்த ஊர்க்காரங்களுக்கு டேஸ்ட் தெரியலண்ணே" என்றார். தட்டு கழுவும் இடத்துக்குப் போய் எச்சில் வாளியைப் பார்த்தேன். சோறு காலியாகியிருந்தது, கோழித் துண்டுகள் பாதி கடித்தபடி கிடந்தன. நடுவே ஒன்றில் எலும்பை ஒட்டி இன்னும் சிவப்பு. கூட்ட நேரத்தில் அவசரமாக எடுத்திருக்கிறார். போட்டியில் ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அது கிடைக்காது. வாளி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அவர்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

பில்லி மெக்கேயைப் பற்றி அவரிடம் சொன்னேன். 2015இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் பட்டம் வென்றவர், அதன்பின் இங்கிலாந்தின் ஃபேட் டக் உணவகச் சமையலறைக்கு வேலைக்குப் போனார். 2022இல் திரும்பி வந்து மறுபடியும் வென்றார். நம்ம சசி செல்லையாவும் அந்த வருஷம் வந்தார். சிங்கப்பூரில் பிறந்த தமிழர், சிறைக் காவலராக இருந்தவர். 2018 இறுதிச்சுற்றில் 100க்கு 93 எடுத்து வென்றவர். அந்த 93 அவருக்கு 2022இல் உதவவில்லை, பாதியிலேயே வெளியேறினார். தோற்கலாம் என்று தெரிந்தும் வந்து நின்றாரே, அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

தம்பி கேட்டுவிட்டு, "அவங்களுக்கு மாசாமாசம் கடன் கட்டணுமாண்ணே?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. எட்டாவது மாதம் அவருடைய ஃப்ரீசரை விற்க நானே ஆள் பிடித்துக் கொடுத்தேன்.

உணவுக் கடை போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். உணவைக் கையாளுபவர்களுக்கான பயிற்சியும் டைபாய்டு ஊசியும் 2009 உணவுச் சுகாதார விதிகளின்படி கட்டாயம். ஊசியை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயிற்சி சில மணி நேரம்தான். "இருபது வருஷமா சமைக்கிறேன், எனக்கு எதுக்கு கிளாஸ்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அசுத்தமான கடையை 1983 உணவுச் சட்டப்படி 14 நாள் வரை மூட வைக்கலாம். அந்த 14 நாளில் வாடகை நிற்காது.

கருவாட்டு அக்கா இப்போது காலையில் பொட்டலம் கட்டி விற்கிறார். சனிக்கிழமை எனக்கு ஒன்று வரும், காசு வாங்கமாட்டார். போன வாரம் 'சூப்பர்க்கா' என்று வாட்சாப்பில் அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: "அதெல்லாம் வேணாம் தம்பி. என்ன கொறன்னு சொல்லு."

மூடிய பொட்டலத்தைத் திரும்பப் பிரித்து இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன். புளி கொஞ்சம் முந்திக்கொண்டு நின்றது. எழுதி அனுப்பினேன்.