ஐரிஸ் செடியின் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரகத்தில் என் மேசைக்கு வரும் ஐரிஸ் மாதிரிகளில் என்னை மிகவும் வருத்துவது, தரைமட்டத்தோடு அறுத்த தண்டும் பூவும் மட்டும் ஒட்டப்பட்ட தாள்தான். பூவின் நிறம் நாளடைவில் மங்கிவிடும். இனத்தைச் சொல்ல வேண்டிய உறுப்போ மண்ணிலேயே தங்கிவிட்டது.

ஐரிஸ் பேரினத்தின் பெரும்பாலான சிற்றினங்களுக்கு மட்டநிலத்தண்டு, அதாவது கிடைமட்டமாக வளரும் தடித்த தண்டு, உண்டு. வெங்காயம் போன்ற குமிழம் உடையவற்றை, பிரிட்டிஷ் தாவரவியலாளர் பிரையன் மேத்யூ 1981இல் வெளியிட்ட வகைப்பாடு மூன்று துணைப்பேரினங்களில் வைக்கிறது. அவற்றில் ஒன்றான ரெட்டிகுலேட்டா வகைகளின் குமிழத்தை வலைபோல் பின்னிய நார் உறை மூடியிருக்கும். இலையைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் நாற்கோணம் தெரியும். ஸ்பானிய, டச்சு ஐரிஸ்கள் அடங்கிய சிஃபியத்தில் இலை வாய்க்கால்போல் குழிந்திருக்கும். பிரனீஸ் மலைச் செடியாயினும் 'இங்கிலீஷ் ஐரிஸ்' என விற்கப்படுவதும் இதில்தான் அடங்கும். மூன்றாவதான ஜூனோவில், செடி ஓய்வெடுக்கும் காலத்திலும் குமிழத்தின் அடியில் தடித்த சதைப்பற்றான வேர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். இடைஞ்சல் என்று அவற்றை ஒடித்துப் பொதிபவர்கள், செடியின் சேமிப்பையும் அதன் அடையாளத்தையும் ஒருசேர அழிக்கிறார்கள்.

பூவை மட்டும் நம்பினால் எங்கே தவறுவோம் என்பதற்கு மஞ்சள் நிற ஐரிஸ் டான்ஃபோர்டியே நல்ல சான்று. நிமிர்ந்து நிற்க வேண்டிய உள்ளிதழ்கள் அதில் முள்மயிர் அளவுக்குச் சிறுத்திருப்பதால், உள்ளிதழ் சிறுத்த ஜூனோவோ என்று மயங்க இடமுண்டு. குமிழத்தின் வலையுறையைக் கண்டால் அது ரெட்டிகுலேட்டா என்பது உறுதியாகிவிடும்.

பெயர்களிலும் கவனம் தேவை. 1961இல் ரஷ்யத் தாவரவியலாளர் ரோடியோனென்கோ இம்மூன்றையும் தனிப் பேரினங்களாகவே பிரித்ததால், பழைய தாள்களில் ஜூனோ, சிஃபியம், இரிடோடிக்டியம் (ரெட்டிகுலேட்டா வகைகள்) என்ற பேரினப் பெயர்களைக் காணலாம். லின்னேயஸ் 1753இல் ஐரிஸ் டியூபரோசா என்று பெயரிட்ட செடி, அதன் சூலகத்தில் ஓர் அறையே இருப்பதால், அடுத்த ஆண்டே ஹெர்மோடாக்டிலஸ் என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது, டி.என்.ஏ. ஆய்வுகள் அதை ரெட்டிகுலேட்டா வகைகளின் நெருங்கிய உறவாகக் காட்டிய பின், மீண்டும் ஐரிஸுக்கே திரும்பியது. ஆகவே பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்காமல், புதியதை அதன் அருகே ஒட்டுங்கள்.

காட்டில் அனுமதியின்றிக் குமிழம் தோண்டாதீர்கள். மண்ணை விலக்கி உறையைப் படமெடுத்துவிட்டு மூடிவிட்டாலே பெரும்பாலும் போதும். அனுமதி பெற்று எடுத்த குமிழத்தைச் சுத்தம் செய்யும்போது மண்ணை மட்டும் உதிர்க்க வேண்டும். அழுக்கென்று கருதி அந்த நாருறையை உரித்துவிடாதீர்கள்.