கேஷுவல்டி: உயிரிழப்பா, ஆளிழப்பா?

ஆங்கிலப் போர்ச் செய்தியில் ‘கேஷுவல்டி’ (casualty) என்று வந்தால் யோசியாமல் ‘உயிரிழப்பு’ என்று எழுதும் வழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று, பிரான்சில் நடந்த சோம் சண்டையின் முதல் நாளில், ‘57,470 பிரிட்டிஷ் வீரர்கள் பலி’ என்று எத்தனை முறைதான் படிப்பது? அன்று இறந்தோர் 19,240, காயமடைந்தோர் 35,493, காணாமற்போனோர் 2,152, பிடிபட்டோர் 585. இந்த நால்வகையினரும் சேர்ந்ததே அந்தத் தொகை.

‘விழுதல்’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து தற்செயல், விபத்து என நகர்ந்து படைக்கணக்கில் நிலைபெற்ற சொல் இது. மருத்துவமனையின் கேஷுவல்டி வாயிலில் ‘உயிரிழப்புப் பிரிவு’ என்று பலகை மாட்ட எவரும் துணியமாட்டார்கள். போர் என்றால் மட்டும் அந்தத் துணிச்சல் வந்துவிடுகிறது.

‘ஆட்சேதம்’ பொருளில் பிழையற்றது. எனினும் ‘சேதம்’ வடசொல் என்பதாலும், பயிருக்கும் கட்டடத்துக்கும் மிகுதியாக வழங்குவதாலும், நான் ‘ஆளிழப்பு’ என்றே எழுதுவேன். காலை இழந்தவனும் சிறைப்பட்டவனும் உயிரோடிருந்தும் படைக்கு இல்லாதவர்கள் அல்லவா? ‘உயிரிழப்பு வாசகருக்குப் பழகிய சொல்’ என்பார்கள். பழகியது சொல்தான், கணக்கு அன்று. மார்புக் கவசமும் உடனடி மருத்துவமும் வந்தபின், முன்பு இறந்திருக்கக்கூடிய பலர் இன்று உறுப்பிழந்து பிழைக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ‘உயிரிழப்பு குறைந்தது’ என்றால், சண்டையே தணிந்துவிட்டதென்று வாசகர் நம்பிவிடுவார்.

ஆளிழப்பு உண்மையிலேயே குறைந்தாலும் அது வேறு செய்தி, போரின் முன்னேற்றம் வேறு செய்தி. 2007இல் அமெரிக்கா ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பியது, அரசியல் இணக்கத்துக்கு அவகாசம் தேடித்தருவதற்காக. ஆண்டின் பிற்பகுதியில் ஆளிழப்பு சரிந்தது. ஆனால் மேற்கு ஈராக்கின் அன்பார் மாகாணத்துச் சுன்னி இனக்குழுக்கள் அதற்கு முன்பே அல்கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தன. ஆகஸ்டில் ஷியா மதத்தலைவர் முக்தாதா அல் சதர் தம் ஆயுதப் படையினரின் தாக்குதலை நிறுத்திவைத்தார். சுன்னிகளும் ஷியாக்களும் கலந்து வாழ்ந்த பாக்தாத் குடியிருப்புகள் பலவற்றில் விரட்டுவதற்கு எதிர்ப்பிரிவினர் மிஞ்சியிருக்கவில்லை. செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, ஈராக் அரசுக்கு வகுக்கப்பட்ட 18 இலக்குகளில் முழுமையாக நிறைவேறியவை 3, பகுதியளவில் நிறைவேறியவை 4. எண்ணெய் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டம் நிறைவேறாதவற்றுள் ஒன்று. நம்மவர்களோ ‘உயிரிழப்பு குறைந்தது’ என்பதற்கும் ‘போரில் முன்னேற்றம்’ என்பதற்கும் நடுவே, மூலத்தில் இல்லாத ஓர் ‘எனவே’யைச் செருகிவிடுகிறார்கள்.