ப்ரோப் டிராய்டு: தமிழில் ஒற்றுப்பொறி

போன தை மாதம் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண் அழைப்பு நேரத்தில் வீடியோக்காரர் டிரோனை மேலே ஏற்றினார். வைக்கோல் போரடியில் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்த பெட்டைக்கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்தது. ஏழெட்டுக் குஞ்சுகளும் ஓடி வந்து சிறகுக்குள் புகுந்துகொண்டன. பருந்து என்று நினைத்துவிட்டது. கலைந்த தேன்கூடு மாதிரி இரைந்துகொண்டு அந்த டிரோன் பந்தலைச் சுற்றி வந்து இறங்கும்வரை கோழி இடத்தைவிட்டு அசையவில்லை.

பக்கத்தில் நின்ற அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "பாத்தியா மாமா, கோழிக்கே தெரிஞ்சிபோச்சி. இதே ஸ்டார் வார்ஸ்ல வர்ற ப்ரோப் டிராய்டா இருந்தா பக்கத்துல வந்து நின்னாகூட தெரியாது. அதுக்குத் தமிழ்ல இன்னா பேரு?" என்றான்.

"உளவு ரோபோ" என்றேன்.

"ரோபோ தமிழா மாமா?"

கல்யாணச் சாப்பாடு முடிந்து பேருந்தில் வேலூர் திரும்பும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. இந்தச் சொல்லுக்கு அகராதியில் தேட வேண்டியது ஒன்றுமில்லை, நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துத் தூசு தட்டினால் போதும் என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படம் தொடங்குவதே இதில்தான். கிளர்ச்சிக்காரர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடப் பேரரசு விண்வெளியின் மூலைமுடுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் இந்தப் பொறிகளை அனுப்புகிறது. அதில் ஒன்று ஹோத் என்ற பனிக் கோளில் வந்து விழுகிறது. விழுவதைப் பார்த்த கிளர்ச்சி வீரன் லூக் ஸ்கைவாக்கர் அதை எரிகல் என்றே நினைக்கிறான். உள்ளிருந்து எழுவது கறுத்த, வட்டத் தலையில் பல கண்கள் பதித்த, கீழே கைகள் தொங்க மிதக்கும் எந்திரம். கிளர்ச்சிக்காரர்களின் தளத்தைக் கண்டு பேரரசுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. லூக்கின் தோழன் ஹான் சோலோ சுட்டதும் தன்னையே வெடித்துக்கொண்டு அழிகிறது. 1999இல் வந்த 'தி ஃபாண்டம் மெனஸ்' படத்தில் இதன் சின்ன வடிவம் வருகிறது. வில்லன் டார்த் மால் பாலைவனக் கோளான டாட்டூயினில் இரவு நேரத்தில் 3 கறுப்பு உருண்டைகளை ஏவிவிடுகிறான். அவை ஊருக்குள் மிதந்து தேடி, ஆளைக் கண்டுபிடித்துத் திரும்புகின்றன. அக்கா மகன் சொன்னது இவற்றைத்தான்.

பெயரில் இரண்டு சொற்கள். 'ப்ரோப்' லத்தீனிலிருந்து வந்தது. சோதித்துப் பார்ப்பது என்பது வேர்ப்பொருள். காயத்தின் ஆழத்தை அறிய மருத்துவர் உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய கம்பிக்கு இந்தப் பெயர் இருந்தது, இன்னும் இருக்கிறது. பிறகுதான் அது விண்வெளிக்குப் போனது. 'டிராய்டு' என்பது 'ஆண்ட்ராய்டு' என்பதன் வால். கிரேக்கத்தில் மனிதன், வடிவம் என்ற இரண்டும் சேர்ந்து 'மனித வடிவினது' என்று பொருள் தரும். மிதக்கும் இந்த உருண்டைக்கு மனித வடிவம் எங்கே இருக்கிறது? தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டதால் அந்தப் பொருளும் கழன்றுபோய், எந்த எந்திரத்துக்கும் ஒட்டும் பெயராக ஆகிவிட்டது. ஆகவே இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் பயனில்லை.

'ரோபோ' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மண்ணுக்கு மிக அருகில் வருகிறது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் அறிமுகமான சொல் இது. எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணைக்காரனுக்குக் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு நேரான சொல் உண்டு: வெட்டி. ஊரார் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை அது. இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்கிறோம். செய்தவனுக்குப் பயனில்லாத வேலை என்பதே அதன் பழைய வலி. ரோபோவை நேராகத் தமிழாக்கினால் 'வெட்டியாள்' என்றுதான் வரும். ஒரு நூற்றாண்டாக உலகம் முழுக்கச் சொல்லிவரும் பெயருக்குள் அடிமை உழைப்பு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி நம் சொற்கள். 'கண்காணிப்பு எந்திரம்' என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு என்றே சொல்வேன். கண்காணி என்ற சொல்தான் திரிந்து கங்காணி ஆனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டத்திலும் நம் ஆட்களை வேலை வாங்கிய கங்காணி மறைந்தா நின்றான்? எதிரே நின்றான். பார்க்கிறேன் என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தான் பயம் வரும். கடையில் 'நீங்கள் கேமரா கண்காணிப்பில் இருக்கிறீர்கள்' என்று பலகை மாட்டுவதும் அதே முறைதான். ப்ரோப் டிராய்டின் உயிரே அது இருப்பது தெரியாமல் இருப்பதில் இருக்கிறது.

'உளவு' பொருந்தும்தான். ஆனால் உளவுத்துறை என்று சொல்லிச் சொல்லி, அலுவலகமும் கோப்பும் அறிக்கையும் சேர்ந்த பெரிய ஏற்பாடாக அது வளர்ந்துவிட்டது.

'துப்பு' கிடைத்த செய்தியைக் குறிக்கும், கொண்டுவரும் ஆளைக் குறிக்காது. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்கு முந்திய மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொல்லியிருந்தார். விசாரித்த இந்திய அதிகாரிகள் அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிவிட, அவரை அடைத்து வைத்தார்கள். அவர் கொடுத்தது துப்பு. அவரை யாரும் ஏவவில்லை, ஆகவே அவர் ஒற்று அல்ல. கோட்டை அகழியோரம் நடக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு எனக்கு நினைவுக்கு வரும்.

ஒற்று என்றால் என்ன என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்: 59ஆம் அதிகாரம், ஒற்றாடல். அதில் 585ஆம் குறளைப் படித்துவிட்டு ஹோத் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும்
உகாஅமை வல்லதே ஒற்று.

கடாஅ உரு என்றால், கண்டவர் ஐயப்பட்டு 'யார் நீ' என்று கேட்காத வடிவம். எரிகல்லாக வந்து விழுந்ததே, அது. கண்ணஞ்சாமை என்றால், ஐயப்பட்டு உறுத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கும் அஞ்சாமல் நிற்பது. எந்திரத்துக்கு அச்சம் ஏது? உகாமை என்றால், என்ன நேர்ந்தாலும் உள்ளே உள்ளதை வெளியே உகுக்காமல் இருப்பது. பிடிபடும் நேரத்தில் தன்னையே வெடித்துக்கொண்டதே, அதைவிட உகாமை வேறு என்ன? 'ப்ரோப்' என்ற பாதிக்கும் விடை அதே அதிகாரத்தில் இருக்கிறது: "அனைவரையும் ஆராய்வது ஒற்று" என்கிறது 584ஆம் குறள். சோதித்து அறிவதும் மறைந்து அறிவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஒற்றர் மூவரை ஒருவரையொருவர் அறியாதபடி அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பலாம் என்கிறது 589. டார்த் மால் ஏவியதும் மூன்று. தற்செயல்தான், ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வள்ளுவர் 'வல்லன் ஒற்றன்' என்று பாடவில்லை, 'வல்லதே ஒற்று' என்றார். 'சோர்விலது ஒற்று' என்கிறார் வேறு குறளில். இரண்டும் அஃறிணை முடிவு. ஆளையே குறித்தாலும் செய்யும் தொழிலை முன்னால் வைத்து அஃறிணையாக்கிவிட்டார். 'எந்திரன்' என்று எந்திரத்தை ஆணாக்கி 'ன்' விகுதி போடுவதைவிட, ஈராயிரம் ஆண்டுப் பழமையான இந்த அஃறிணைச் சொல் மிதக்கும் உருண்டைக்கு எவ்வளவோ பொருத்தம்.

'வேவு' என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. "நோட்டம் உட்றான்", "வேவு பாக்கறான்" என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். அதன் பழைய வடிவம் வேய். தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சித் துறைகளை, அதாவது பகைவரின் ஆநிரையை (மாட்டு மந்தையை) கவரப் போகும் போரின் கட்டங்களை, அடுக்கும்போது "புடைகெட ஒற்றின் ஆகிய வேயே" என்கிறது. சுற்றி இருப்பவர் அறியாதபடி ஒற்றி அறிந்துவந்த செய்தி என்று பொருள். அடுத்து வருபவை சூழ்ந்து நிற்றல், ஊரைத் தாக்குதல், ஆநிரை கவர்தல். ஹோத்தில் நடந்ததும் இதே வரிசை: முதலில் பொறி வந்தது, பிறகு படை வந்தது. பழைய வட ஆற்காட்டில் இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. செங்கம் சுற்றுவட்டாரத்தில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் வயலோரங்களில் நின்றன. ஆநிரைப் பூசலில் விழுந்தவர்களுக்கு நட்டவை பல. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயரும் எழுதி, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதிவைத்தார்கள். இரவில் வந்தவர்களை ஊராருக்கு முன்னால் அறிந்தது அந்த நாயாகத்தான் இருந்திருக்கும்.

ஆனாலும் வேவு என்பது செயல். செய்வதற்குப் பெயர் ஒற்று. அதோடு எந்திரத்துக்கு ஒரு சொல் சேர்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது 'பொறி'. மதுரை மதிலில் இருந்த போர்க்கருவிகளைச் சிலப்பதிகாரம் 'வளைவிற் பொறி' என்று தொடங்கி அடுக்குகிறது. சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் கருவுற்ற தன் அரசி விசயைக்காகச் செய்துவைத்த பறக்கும் எந்திரத்துக்கு மயிற்பொறி என்று பெயர். அவளைச் சுமந்துபோய்ச் சுடுகாட்டில் இறக்கியது அது. பறக்கும் எந்திரத்துக்குத் தமிழ் அன்றே பெயர் வைத்துவிட்டது. பொறிக்கு வேறு பொருள்களும் உண்டு. ஐம்பொறி என்றால் கண், காது முதலான புலன் உறுப்புகள்; எலிப்பொறி என்றால் சிக்க வைப்பது. கண்ணும் காதுமாகவே செய்யப்பட்டு, பகைவரைச் சிக்க வைக்க அனுப்பப்படும் எந்திரத்துக்கு இதைவிட நிறைந்த சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒற்று + பொறி = ஒற்றுப்பொறி. 'பேரரசின் ஒற்றுப்பொறி பனிக் கோளில் இறங்கியது' என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறாது. சின்ன உருண்டைக்கு ஒற்றுருண்டை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் பொதுப்பெயர் ஒற்றுப்பொறியாக இருக்கட்டும்.

மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது பையனிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே நோட்டின் பின்னட்டையில் எழுதினான்: 'ஒற்றுபொறி'.

"நடுவுல ப் வரணும்டா" என்றேன்.

"ஏன் மாமா?"

"வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின்னால ப வந்தா மிகும். அப்படி மிகுற புள்ளி எழுத்துக்கு இன்னா பேரு, சொல்லு?"

கொஞ்சம் யோசித்தான். "ஒற்று" என்றான். பிறகு தான் எழுதியதையே ஒருமுறை பார்த்துவிட்டு, று-வுக்கும் பொ-வுக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் இடத்தில் ஒரு சின்ன 'ப்' நுழைத்தான்.